கடைசிக் குழாய் வரைக்கும்

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். அது பள்ளிக்கூட வாசலோடு நின்றுபோனது. மைக் செட் கடை திறந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் 'ஹலோ'. கல்யாணமோ, கடைத் திறப்போ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் முதலில் மேடையேறுகிற ஆள் அவர்தான். மைக்கை விரலால் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஏறிய அத்தனை மேடைகளிலும் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். மற்ற பேச்சாளர்களும் அதோடு நிறுத்திக்கொண்டால் நாடு உருப்படும் என்பது அவருடைய மனைவியின் கருத்து.

கடை மிகவும் குறுகல். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆணிகளில் வயர்ச் சுருள்கள், அலமாரியில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள், தரையில் கவிழ்த்து வைத்த கூம்பு ஒலிபெருக்கிகள். தொழிலில் அந்தக் கூம்புகளுக்குக் குழாய் என்று பெயர். வயர் ஒட்ட உருக்கிய ஈயத்தின் வாசனை எப்போதும் இருக்கும். அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனால் மனைவி முதலில் கைகால் கழுவச் சொல்வாள், அப்புறம்தான் பேச்சே.

மனைவியோடு கூடவே வந்து சேர்ந்தவன் அவளுடைய தம்பி. தரையில் அவனைப் போல ஒரு சோம்பேறியைப் பார்க்க முடியாது. சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுவான். ஆனால் கம்பம் என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், குரங்கு தோற்றுவிடும். குழாய் கட்டுகிற வேலை முழுக்க அவன் தலையில்தான். 'என் மச்சினனுக்குப் பூமியில வேலை கிடையாது' என்று ஹலோ எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பெரிய மைதானக் கூட்டங்களில் இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. ஹலோ மேடைக்குப் பக்கத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரின் முன்னால் உட்கார்ந்திருப்பார். மைக்கில் பேசுவது ஹெட்போனில் வந்துவிடும். ஆனால் அது மைதானத்தின் கோடியில் இருக்கிற கடைசிக் குழாய்வரை போகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மச்சினன். அவன் அந்தக் கடைசிக் கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்புத் துணியோடு உட்கார்ந்திருப்பான். சத்தம் வந்துகொண்டிருக்கிறவரை சும்மா இருப்பான். சத்தம் நின்றால் துணியை ஆட்டுவான். அவ்வளவுதான் அதிலுள்ள சூட்சுமம்.

நாட்டின் தலைவர் அந்த ஊருக்கு வரும்போதெல்லாம் மைக் செட் ஹலோவுடையதுதான். தலைவர் நல்ல உயரம். கை இன்னும் பெரியது. மைக் முன்னால் வந்ததும் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார். மைக்கைப் பொத்தினால் குழாய்கள் எல்லாம் காதைக் கிழிக்கிற மாதிரி விசிலடிக்கும் என்று அவரிடம் யார் சொல்வது? பிறகு ஒரே கேள்வி கேட்பார்: 'பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?' மைதானமே 'கேக்குது!' என்று முழங்கும். அதைக் கேட்ட பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். தெருவில் பிள்ளைகள் தலைவர் விளையாட்டு விளையாடினால்கூட அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

அந்தப் பிற்பகலும் அப்படித்தான் தொடங்கியது. தேர்தல் நேரம், மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். தலைவர் எழுந்து வந்தார், மைக்கைப் பொத்தினார், விசில் கிளம்பியது. ஹலோவின் கை, அவரைக் கேட்காமலே, வழக்கமாக ஒரு கோடு குறைக்கிற வால்யூம் திருகை அன்று அடிவரைக்கும் இறக்கியது. அது தொழில் பழக்கம். சூடு பட்ட விரல் வாய்க்குப் போகிற மாதிரி. குழாய்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. அந்த நேரத்தில்தான் தலைவர் தம் கேள்வியைக் கேட்டார். ஹெட்போனில் ஹலோவுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது: 'பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?'

பதில் சொல்ல யாருமில்லை. யாருக்கும் கேட்கவே இல்லையே. கோடியில் மச்சினன் மட்டும், சத்தம் நின்றுவிட்டதே என்று சிவப்புத் துணியை ஆட்டினான். உடனே டப் டப்பென்று இரண்டு வெடிச்சத்தம். கூட்டமெல்லாம் மேடையைப் பார்த்தது. ஹலோ குனிந்து ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். பெட்டி வெடித்துவிட்டது என்றே நினைத்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய்த் தீய்ந்த வாசனை வருகிறதா என்றுகூட முகர்ந்தார். அவர் தலைநிமிர்ந்தபோது மேடையில் தலைவர் இல்லை. துணைத் தலைவர் முழங்காலிட்டு யாரையோ மடியில் தாங்கிக்கொண்டிருந்தார்.

சுட்டவன் புகைப்படக்காரர்களோடு நின்றிருந்தவன். அவனைப் போலீஸ் அங்கேயே சுட்டுத் தள்ளிவிட்டது. ஏவியது யார் என்று சொல்ல ஆளில்லாமல் போனதும், சொல்கிற ஆட்கள் பெருகிவிட்டார்கள். அன்று மாலையே கடைகள் எரிந்தன, ஊரடங்கு வந்தது, ரேடியோவில் சோக இசையைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஹலோவையும் மச்சினனையும் அன்றே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விசாரித்த அதிகாரிக்கு இரண்டே சந்தேகங்கள். வெடிச்சத்தம் கேட்டால் மனுஷன் மேடையைப் பார்ப்பானா, பெட்டியைப் பார்ப்பானா? கம்பத்து உச்சியில் ஒருவன் துணியை ஆட்டியதும் குண்டு பாய்ந்ததே, அதற்கு என்ன அர்த்தம்?

"சார், எங்க தொழில்ல டப்புன்னு சத்தம் வந்தா பெட்டிதான் சார் போயிருக்கும்" என்றார் ஹலோ. "நான் சத்தத்தைக் குறைச்சேன். அதனாலதான் அவன் துணிய ஆட்டினான்."

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்றார் அதிகாரி. "சரியா அந்த நேரத்துல எதுக்குக் குறைச்ச?"

உண்மையைச் சொல்லச் சொல்ல முடிச்சு இறுகியது. மைக் செட்டை ஏற்பாடு செய்தது கட்சிக்காரர்களே என்பதால் ஹலோவைச் சில நாளில் வெளியே விட்டார்கள். மச்சினனை விடவில்லை. சைகை காட்டியவன் என்று பத்திரிகைகளில் அவன் படம் வந்தது. துணி சிவப்பாக இருந்தது தனிக் குற்றமாகிவிட்டது.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஹலோவின் மனைவி துணிமணி மூட்டையோடு சிறை வாசலுக்கு நடையாய் நடந்தாள். பார்க்க விடவில்லை. மூட்டையை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அது உள்ளே போனதா என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் அவள் சமைத்தாள், தட்டை வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நீங்க குறைச்சீங்க. அவன் ஆட்டினான்" என்றாள்.

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை, அதுதான் அவரைக் கொன்றது.

அதற்குள் மேலே வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. தலைவரின் நாற்காலிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தலைவரின் அண்ணன், அப்போது மந்திரி. இன்னொருவர், தலைவர் மேடைகளில் 'தம்பி' என்று அழைத்துவந்த துணைத் தலைவர். 'என் மடியில் சாயும்போது நாட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்' என்று துணைத் தலைவர் சொன்னார். 'பச்சைப் பொய்' என்றார் அண்ணன். தலைவர் ஏதோ பேசியதை, உதடு அசைந்ததை, முன்வரிசைக்காரர்கள் பார்த்திருந்தார்கள். என்ன பேசினார் என்பது யார் காதிலும் விழவில்லை. பெரிய மனிதர்கள் சாகும்போது பெரிய வார்த்தைதான் சொல்வார்கள் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. தினமும் கேட்கிற அந்தக் கேள்வியாகவே இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசாரணைக் கமிஷன் உட்காருவதற்கு முன்னால் துணைத் தலைவர் தரப்பு வக்கீல் ஹலோவின் கடைக்கு வந்தார். வாசனைத் திரவியம் பூசிய மனிதர். அது கடையின் ஈய வாசனையோடு முட்டிக்கொள்ள, ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஹெட்போன் மாட்டியிருந்த ஒரே ஆள் நீதான் என்றார். தலைவர் கீழே விழும்போது சொன்னது உன் காதில் விழுந்திருக்குமே என்றார். சொன்னது இதுதானே என்று ஒரு வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்: 'எனக்குப் பிறகு இந்த நாட்டைக் கட்டிக்காக்கும் ஆற்றல் என் தம்பிக்கே உண்டு.'

"குண்டு பட்டவர் இவ்வளவு நீளமா பேசமாட்டார் சார்" என்றார் ஹலோ. எதிர்த்துப் பேசும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. தொழில்காரன் காதில் ஒரு குறை பட்டது, சொல்லிவிட்டார்.

வக்கீல் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "'இனி நாடு இவர் கையில்.' போதுமா?" என்றார்.

வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "இங்க பாருங்க. நீங்க சொல்ற துணி, விசில் எல்லாம் நிஜமாவே இருக்கலாம். ஆனா நம்ப ஆள் வேணும்ல? உங்க காதை கமிஷன் நம்பிடுச்சுன்னா, உங்க கையையும் நம்பித்தான் ஆகணும். உங்க மச்சினன் வீட்டுக்கு வந்துடுவான்."

ஒரு பொய் சொன்னால்தான் ஓர் உண்மை விலைபோகும். அதுவரை எந்தச் சந்தையிலும் இப்படியொரு வியாபாரத்தை அவர் பார்த்ததில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போகிறாரா என்று கேட்டாள். உள்ளே இருப்பவன் உயிரோடு இருக்கிறான் என்றாள். பல நாள் கழித்து அன்றுதான் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கமிஷன் நடந்த மண்டபத்தில் சாட்சிகளுக்கு ஒரு மைக் வைத்திருந்தார்கள். ஸ்டாண்டு சாய்ந்து கிடந்தது; முன்னால் பேசியவருடைய குரல் பாதி காற்றில் போயிருந்தது. ஹலோ கூண்டில் ஏறியதும் கை தன்பாட்டில் போய் ஸ்டாண்டை நிமிர்த்தி, திருகை இறுக்கி, மைக்கைத் தட்டியது. "ஹலோ, ஹலோ" என்றார். மண்டபம் சிரித்தது. நீதிபதிகூடச் சிரித்துவிட்டு, இவர் காதை நம்பலாம் போலிருக்கிறதே என்றார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஹலோ பொய்யைச் சொல்லிவிட்டார். தாம் சரிசெய்து வைத்த மைக்கில், கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. துணைத் தலைவர் தலைவரானார். அண்ணனை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காவல் போட்டார்கள். அவரோடு நின்றவர்கள் சிலர் வெளிநாட்டுக்கு ஓடினார்கள், ஓட முடியாதவர்கள் உள்ளே போனார்கள். கேள்வி கேட்ட இரண்டு பத்திரிகைகள் மூடப்பட்டன. 'இனி நாடு இவர் கையில்' என்பது சுவரில் ஏறியது, பாடப்புத்தகத்தில் ஏறியது, கடைசியில் அதே மைதானத்தில் நிறுத்திய சிலையின் பீடத்தில் கல்லில் ஏறியது.

மச்சினன் வீட்டுக்கு வந்தான். முன்பற்கள் இல்லை, ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. கம்பம் ஏறினான், ஆனால் நிறுத்தி நிறுத்தி. சிவப்புத் துணியை அதன் பிறகு அவன் தொடவில்லை. வேறு நிறத்துணியும் வேண்டாம் என்றுவிட்டான். சத்தம் நின்றால் கம்பத்திலிருந்து இறங்கி மைதானம் முழுக்க நடந்தே வந்து சொல்வான். அதற்குள் பேச்சாளர் பேசி முடித்திருப்பார். ஹலோ அதற்காக ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுகிற அந்த ஆள் இப்போது படுக்கையில் படுத்தாலும் தூங்குவதில்லை. அதுதான் வீட்டில் எல்லோருக்கும் பெரிய துக்கமாக இருந்தது.

அரசு விழாக்கள் எல்லாவற்றுக்கும் இப்போது ஹலோவின் மைக் செட்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாத மரியாதை அது. யார் மேடையேறினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்த வாக்கியத்தில் வந்து நிற்கும். தாம் பெற்ற பொய் தம்முடைய குழாய்கள் வழியாகவே ஊரெல்லாம் போவதை எத்தனை தடவைதான் கேட்பது? அந்த இடம் வரும்போது ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். வெட்கம்தான், வேறென்ன?

சில வருஷங்கள் கழித்து ஒரு முற்பகலில் கடை வாசலில் டாக்சி ஒன்று நின்றது. பழைய ரேடியோ ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள் இறங்கினார். அவரைத் தெரியாதவர்கள் நாட்டில் கிடையாது. எல்லா மேடைகளிலும் ஓர் ஓரமாக உட்கார்த்தி வைத்திருப்பார்கள். தலைவரின் மனைவி. எந்த மேடையிலும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரேடியோ பாடமாட்டேன் என்கிறது என்றார். ஹலோ பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனதா, யாரோ பிடுங்கியதா என்று அவர் கேட்கவில்லை. ஈயம் வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் பேசினார்.

"நீங்க சொன்னது பொய். அவர் அந்த ஆள் கையில வீட்டுச் சாவியைக்கூட குடுத்ததில்லை, நாட்டையா குடுப்பார்? ஏன் சொன்னீங்கன்னு நான் கேக்க வரல. அவர் என்னதான் பேசினார்? அதை மட்டும் சொல்லுங்க."

கடையின் பின்னால் மச்சினன் வயர் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டுகிற சத்தம் நின்றது. உண்மை தெரிந்து இந்த அம்மாள் வாயைத் திறந்தால் பீடத்துக் கல் பெயர்ந்து ஹலோ குடும்பத்தின் தலையில்தான் விழும். முதலில் விழுவது பின்னால் நிற்கிறவன்மேல். இல்லையம்மா, நான் சொன்னதுதான் நிஜம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த அம்மாள் ரேடியோவைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார், அவரால் முடியவில்லை.

"'பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா'ன்னு கேட்டாரும்மா" என்றார். "நான் சத்தத்தைக் குறைச்சுட்டேன். யாருக்கும் கேக்கல. யாரும் பதில் சொல்லல."

அந்த அம்மாள் அழவில்லை. சிரிக்கிற மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது. "வீட்லயும் இதே கூத்துதான்" என்றார். "மாடியில உக்காந்து எதையாவது கத்திட்டு, கேக்குதா கேக்குதான்னு உயிரை எடுப்பார். ஊரே பதில் சொல்லுதே, நான் வேற எதுக்குன்னு வாயே திறக்கமாட்டேன். ஒரு தடவைகூட சொன்னதில்லப்பா."

ரேடியோ பாடியது. அதை அணைத்து எடுத்துக்கொண்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டார். இனி என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று வீட்டில் ஹலோ வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. நுணலும் தன் வாயால் கெடும் என்று ஆரம்பித்த மனைவி, ஊமை மாதிரி ஒரு வார்த்தையோடு மேடையிறங்குகிற மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது வாய் என்று முடித்தாள். மச்சினன் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தான். அது அவள் திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

தலைவரின் நினைவு நாள் வந்தது. அதே மைதானம், சிலைக்குக் கீழே மேடை, கோடிக் கம்பத்தில் மச்சினன். புதிய தலைவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். பேச்சின் நடுவே திடீரென்று திரும்பி, "அண்ணி இன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசணும்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மறுப்பார் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

மைக் அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஹலோ ஓடிப்போய் ஸ்டாண்டை இறக்கி வைத்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஹலோவின் வலது கை வால்யூம் திருகின்மேல் இருந்தது. ஒரே ஒரு திருப்பு போதும். விசில் வந்தது, குறைத்தேன் என்று சொல்லிவிடலாம். அவர் சொன்னால் நம்புவார்கள் என்பது கல்லிலேயே எழுதியிருக்கிறதே. பீடத்தைப் பார்த்தார், கோடிக் கம்பத்தைப் பார்த்தார். அந்தத் தூரத்தில் மச்சினன் ஒரு புள்ளிதான். இந்தத் தடவை கை அவரைக் கேட்டது. அவர் வேண்டாம் என்றார். ஹெட்போனையும் கழற்றிவிட்டு, திருகை ஒரு கோடு ஏற்றி வைத்தார்.

அந்த அம்மாள் மைக்கைப் பொத்தவில்லை, தட்டவில்லை. சிலையை அண்ணாந்து பார்த்தார்.

"கேக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லாவே கேக்குது" என்றார். போய்த் தம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மைக் பழக்கமில்லாத அம்மாள், சோதித்துப் பார்த்துவிட்டு பயந்து உட்கார்ந்துவிட்டார் என்று கூட்டம் நினைத்தது. புதிய தலைவர் பரிவோடு கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹலோவுக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தூசி விழுந்தவர்போல இமையைக் கசக்கிக்கொண்டார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் மைதானத்தைக் கடந்து காலை இழுத்து இழுத்து மச்சினன் நடந்து வருவது தெரிந்தது. சத்தம் நின்றால்தானே அவன் இறங்கி வருவான்?

"அங்க கேட்டுச்சாடா?" என்றார்.

"கடைசிக் குழாய் வரைக்கும் கேட்டுச்சு மாமா" என்றான் மச்சினன். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இருவருமாகக் குழாய்களை அவிழ்த்து, வயரைச் சுருட்டி, வண்டியில் ஏற்றினார்கள். வீடு வந்து சேர்ந்தபோது ஹலோ இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். மச்சினன் வயர்ச் சுருளில் தலைவைத்து, வாயைத் திறந்தபடி, தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வந்த மனைவியை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.